சுவரில் ஒரு கொடி, உச்சியில் ஒரு கொடி!

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கர்களுக்கு பேஸ்பால் அப்படி. உருண்டையான மட்டையால் பந்தை அடித்துவிட்டு, நான்கு மூலைகளில் உள்ள 'பேஸ்'களைத் தொட்டபடி ஒரு சுற்று ஓடி வந்தால் ஒரு ரன்.

அந்த விளையாட்டின் ரசிகர்கள் ஒருமுறையாவது பார்த்துவிட ஆசைப்படும் மைதானங்களில் ஒன்று, சிகாகோ நகரில் உள்ள ரிக்லி ஃபீல்டு. 1914-ல் கட்டப்பட்டது. 'சிகாகோ கப்ஸ்' அணிக்கு 1916 முதல் இதுதான் சொந்த மைதானம். 'கப்ஸ்' என்றால் குட்டிகள். அணியின் சின்னமும் கரடிக்குட்டிதான்! வாருங்கள், நாமும் ஒரு ரசிகரைப்போல உள்ளே நுழைவோம்.

பந்தை விழுங்கும் கொடி

மைதானத்தின் எல்லையில் செங்கல் சுவர். 1937-ல் அதன்மேல் 'ஐவி' என்ற படர்கொடியை வளர்த்தார்கள். கோடைக்காலத்தில் சுவரே தெரியாது. அடித்த பந்து இலைகளுக்குள் சிக்கிக்கொண்டால்? தடுப்பவர் இரண்டு கைகளையும் மேலே தூக்குவார். அடித்தவருக்கு இரண்டு பேஸ் கிடைக்கும். அவசரப்பட்டு இலைக்குள் கையை விட்டுத் தேடினாலோ ஆட்டம் நிற்காது. அடித்தவர் ஓடிக்கொண்டே இருப்பார்!

சேதி சொல்லும் கொடி

உயரத்தில் பச்சை நிற ஸ்கோர்போர்டு தெரிகிறதா? அதுவும் 1937-ல் வந்ததே. உள்ளே ஆட்கள் இருந்து, எண் தகடுகளைக் கையாலேயே மாற்றுகிறார்கள். 2015-ல் பெரிய வீடியோ திரைகள் வந்த பிறகும் இதை அகற்றவில்லை. ஆட்டம் முடிந்ததும் அதன் உச்சியில் ஒரு கொடி ஏறும். வெள்ளைக் கொடியில் நீல 'டபிள்யூ' இருந்தால் வெற்றி. நீலக் கொடியில் வெள்ளை 'எல்' இருந்தால் தோல்வி.

போருக்குப் போன இரும்பு

விளக்குக் கம்பங்கள் அமைக்க 1941-ல் இரும்பு வாங்கி வைத்திருந்தார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. இரும்பையெல்லாம் போர்த் தேவைக்குக் கொடுத்துவிட்டார் உரிமையாளர். பிறகு 1988 ஆகஸ்டு 8-ல்தான் இங்கே கப்ஸ் அணியின் இரவு ஆட்டத்துக்கு விளக்கு எரிந்தது. அன்று பார்த்து மழை கொட்டி, ஆட்டம் பாதியில் நின்றுபோனது!

சாக்பீஸ் பெயர்கள்

கப்ஸ் அணி 1908-ல் 'வேர்ல்டு சீரிஸ்' கோப்பையை வென்றது. அதன்பின் தோல்விமேல் தோல்வி. 108 ஆண்டுகள் கழித்து, 2016-ல்தான் மீண்டும் வென்றது. அப்போது ரசிகர்கள் திரண்டு வந்து, மைதானத்தின் வெளிச்சுவரில் கலர் சாக்பீஸால் பெயர்களை எழுதினார்கள். ஆட்டக்காரர்களின் பெயர்கள் மட்டுமா? இல்லை. இந்த நாளைப் பார்க்காமலே இறந்துபோன தாத்தா, பாட்டி, அப்பா, அம்மாவின் பெயர்களும்தான்! சுவர் முழுவதும் பெயர்களாக நிறைந்தது.

ஜெயிக்கும் அணிக்குக் கைதட்ட யாராலும் முடியும். தோற்றாலும் 'இது நம்ம அணி' என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள். அந்த வெற்றியில் அவர்களுக்கும் பங்கு உண்டுதானே?