நுண்கணிதம்: கல்லூரிக்கு முன்பே தொடங்கிவிட்ட பாடம்

பொறியியல், கணினியியல், இயற்பியல், பொருளியல் ஆகிய துறைகளில் சேரும் மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதலாண்டிலேயே பெரும்பாலும் சந்திக்கும் பாடம் நுண்கணிதம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே, “அது எனக்கு வராது” என்று முடிவுசெய்து, பிடித்த துறையைக் கைவிடும் மாணவர்களும் இருக்கிறார்கள். பாடத்தைப் பார்க்காமலே எடுக்கும் முடிவு அது. ஆகவே, அந்தப் பாடத்தில் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று இந்த வாரம் பார்ப்போம்.

ஏற்கெனவே தெரிந்த இரண்டு விதிகள்

இயற்பியல் வகுப்பில் நீங்கள் இரண்டு விதிகளைப் படித்திருப்பீர்கள். தூரம்-நேர வரைபடத்தின் சாய்வு வேகத்தைத் தரும். வேகம்-நேர வரைபடத்தின் கீழ் உள்ள பரப்பு தூரத்தைத் தரும். முதல் விதியின் பெயர் வகையிடல், இரண்டாவதன் பெயர் தொகையிடல். நுண்கணிதத்தின் இரண்டு பெரும் பகுதிகளும் இவைதாம். வளைந்த கோடுகளுக்கும் இந்த விதிகள் பொருந்தும்படி செய்வதுதான் கல்லூரிப் பாடத்தின் வேலை.

ஒரு ரயிலை எடுத்துக்கொள்வோம். 2003ல் திறக்கப்பட்ட வடக்கு கிழக்கு ரயில் பாதையில் ஓட்டுநர் இல்லாமல் ரயில்கள் ஓடுகின்றன. வேகத்தைக் கணினி கட்டுப்படுத்துகிறது. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஃபேரர் பார்க் நோக்கி ரயில் புறப்படுகிறது. எளிமைக்காக, அதன் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது கடந்த தூரம், நேரத்தின் வர்க்கத்தில் பாதி. 10 விநாடியில் 50 மீட்டர்.

சரியாகப் பத்தாவது விநாடியில் ரயிலின் வேகம் என்ன? வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுக்க வேண்டும். ஆனால் ஒரு கணத்தில் கடந்த தூரமும் சுழியம், நேரமும் சுழியம். சுழியத்தால் வகுக்க முடியாது. இந்தச் சிக்கலிலிருந்துதான் நுண்கணிதம் தொடங்குகிறது.

வழி இதுதான். 10லிருந்து 11 விநாடி வரை சராசரி வேகம் 10.5. 10லிருந்து 10.1 வரை 10.05. 10லிருந்து 10.01 வரை 10.005. இடைவெளியைக் குறைக்கக் குறைக்க, விடை 10ஐ நெருங்கிக்கொண்டே போகிறது. அந்தப் பத்துக்குத்தான் ‘எல்லை’ என்று பெயர். எந்த இடத்திலும் நாம் சுழியத்தால் வகுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி மறுபக்கம். 20 விநாடியில் ரயிலின் வேகம் 20ஐ எட்டுகிறது. வேகம்-நேர வரைபடம் ஒரு முக்கோணம். அதன் பரப்பு 20 × 20 ÷ 2 = 200 மீட்டர். நேரத்தின் வர்க்கத்தில் பாதி என்ற விதியும் அதே 200ஐத் தருகிறது. தூரத்தை வகையிட்டால் வேகம், வேகத்தைத் தொகையிட்டால் மீண்டும் தூரம். ஒன்று மற்றொன்றின் எதிர்ச்செயல் என்ற இந்தக் கருத்தே நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம்.

கேரளத்தில் ஒரு தொடக்கம்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நியூட்டனும் ஜெர்மனியின் லைப்னிட்ஸும் தனித்தனியாக நுண்கணிதத்தை ஒரு முழுமையான முறையாக வளர்த்தார்கள். ஆனால் அதன் சில முக்கியமான கருத்துகள் அதற்கு முன்பே கேரளத்தில் தோன்றிவிட்டன. ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை வாழ்ந்த சங்கமகிராம மாதவர், முடிவில்லாமல் நீளும் ஒரு தொடரால் ‘பை’யின் மதிப்பைக் கணிக்கும் வழியைக் கண்டார். 1லிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து... இப்படியே போனால் விடை ‘பை’யில் கால் பங்கை நெருங்கும். இதே தொடரை லைப்னிட்ஸ் 1670களில்தான் கண்டார்.

இந்தத் தொடர் மிக மெதுவாக நெருங்கும். முதல் ஐந்து உறுப்புகளைச் சேர்த்து நான்கால் பெருக்கினால் 3.34தான் கிடைக்கும். கணிப்பான் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். அதனால் கேரளக் கணித அறிஞர்கள் விரைவாக நெருங்க உதவும் திருத்தங்களையும் கண்டுபிடித்தார்கள். இந்த முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் ஏறத்தாழ 1530ல் ஜ்யேஷ்டதேவர் ‘யுக்திபாஷா’ என்ற நூலில் விளக்கினார். சமஸ்கிருதத்தில் அல்ல, மலையாளத்தில். கடினமான கணிதத்தையும் பேசும் மொழியிலேயே படிப்படியாகச் சொல்லிப் புரியவைக்கலாம் என்பதற்கு அந்த நூல் நல்ல சான்று.

‘எல்லை’ என்ற கருத்து முதல்முறை படிக்கும்போது பிடிபடவில்லை என்றால் கவலை வேண்டாம். ‘மிகச் சிறியது’ என்றால் என்ன என்பதில் நியூட்டன் காலத்துக்குப் பிறகும் நெடுநாள் குழப்பம் இருந்தது. பிரான்சின் கோஷி 1821ல் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் அது தெளிவான அடித்தளத்துக்கு வந்தது.

ராட்டினம் சொல்லும் பாடம்

மரினா பேயில் உள்ள சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினத்தின் உயரம் 165 மீட்டர், சக்கரத்தின் விட்டம் 150 மீட்டர். ஒரு சுற்றுக்கு 30 நிமிடம் என்று கொள்வோம். கீழிருந்து உச்சிக்குப் போக 15 நிமிடம், ஏறும் உயரம் 150 மீட்டர். சராசரியாக நிமிடத்துக்கு 10 மீட்டர்.

ஆனால் சீராகச் சுற்றும் சக்கரத்தில்கூட நீங்கள் சீராக உயர்வதில்லை. சக்கரத்தின் நடு உயரத்தைக் கடக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 15.7 மீட்டர் உயர்கிறீர்கள். உச்சியில் அந்த வீதம் சுழியம். உயரம் உச்சத்தைத் தொடும் இடத்தில் மாறுவீதம் சுழியமாகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

இந்தக் கணக்கில் சைன், கோசைன் சார்புகள் வரும். சைனை வகையிட்டால் கோசைன் என்று படிப்பீர்கள். கோணம் ரேடியனில் இருந்தால் மட்டுமே அது உண்மை. கணிப்பானைப் பாகையில் வைத்துவிட்டு விடை தவறிப்போனதற்குக் காரணம் தேடும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

தடுமாற்றம் எங்கே?

கூடுதல் கணிதம் எடுத்தவர்கள் வகையிடல், தொகையிடல் இரண்டையும் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறார்கள். தொடக்கக்கல்லூரியில் அது விரிவடைகிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்துக்கான பாடம் 13 வாரத்தில் முடிந்துவிடும். வேகம் அதிகம். விரிவுரையில் கேட்டதை அதே வாரத்தில் செய்து பார்க்காதவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். தேசிய சேவையை முடித்துவரும் இளையர்களுக்கு இன்னொரு சிரமம்: இரண்டு ஆண்டு இடைவெளியில் விதிகள் மறந்திருக்கும்.

ஆனாலும் பலருக்கு மதிப்பெண் குறைவது நுண்கணிதத்தால் அல்ல, இயற்கணிதத்தால். பின்னங்களைச் சுருக்குவது, அடுக்குகளைக் கையாள்வது, அடைப்புக்குறியை விரிப்பது, கழித்தல் குறியைத் தவறவிடாமல் இருப்பது என எல்லாம் உயர்நிலை இரண்டு, மூன்றின் பாடங்கள். வகையிடும் படி ஒரு வரியில் முடிந்துவிடும். அதற்குப் பிந்திய ஐந்து வரிகளும் இயற்கணிதம்தான்.

விதிகளைச் சோதிக்காமல் ஊகிப்பதும் ஒரு காரணம். இரண்டு சார்புகளைப் பெருக்கியிருந்தால் தனித்தனியே வகையிட்டுப் பெருக்கிவிடலாம் என்று தோன்றும். சோதித்துப் பாருங்கள். க × க² என்பது க³. அதை வகையிட்டால் 3க². தனித்தனியே வகையிட்டால் 1 × 2க, அதாவது 2க. இரண்டும் ஒன்றல்ல. பெருக்கல் விதி என்று தனியாக ஒன்று ஏன் தேவைப்படுகிறது என்பது இந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும்.

ஆகவே இப்போதே செய்யக்கூடியவை மூன்று. இயற்கணிதப் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். எந்த விதியைப் படித்தாலும் ஓர் எளிய எண்ணை வைத்துச் சோதியுங்கள். இயற்பியல் வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதன் சாய்வு எதைச் சொல்கிறது, பரப்பு எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். கூடுதல் கணிதம் எடுக்காதவர்களும் இந்த மூன்றையும் செய்யலாம்.

செய்து பாருங்கள்

தீபாவளிச் சந்தைக்காகக் கேம்பல் லேனில் சுவரை ஒட்டி ஒரு செவ்வகக் கடை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவர் இருக்கும் பக்கத்துக்குக் கயிறு தேவையில்லை. மற்ற மூன்று பக்கங்களுக்கும் சேர்த்து 20 மீட்டர் கயிறு இருக்கிறது. கடையின் பரப்பு மிக அதிகமாக இருக்க, சுவரிலிருந்து எத்தனை மீட்டர் முன்னால் வர வேண்டும்? முதலில் 3, 4, 5, 6 மீட்டருக்குப் பரப்பைக் கணக்கிட்டு வரைபடம் வரையுங்கள். ராட்டினத்தின் உச்சியைப் போல, சாய்வு சுழியமாகும் இடத்தைத் தேடுங்கள். பிறகு கயிறு 28 மீட்டர் என்று மாற்றிச் செய்து பாருங்கள்.

விடை: 20 மீட்டர் கயிற்றுக்கு 5 மீட்டர், பரப்பு 50 சதுர மீட்டர். 28 மீட்டர் கயிற்றுக்கு 7 மீட்டர், பரப்பு 98 சதுர மீட்டர்.