கடல் கடந்து வரும் தேன் பருந்துகள்



பால்மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் மாதங்களைத் தோட்டத்து மக்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால் குறையும்; நிரையில் நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். நம் நாட்டில் இளவேனில் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆனால் வடக்கே சைபீரியாவிலும் ஜப்பானிலும் குளிர் தணியப்போகும் அந்தப் பருவத்தை எதிர்நோக்கி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆயிரக்கணக்கான பருந்துகள் நம் தலைக்கு மேலாக ஊர் திரும்புகின்றன. அவற்றைக் காண்பதற்கு மிகச் சிறந்த இடம் போர்ட்டிக்சனுக்குத் தெற்கே உள்ள தஞ்சோங் துவான்.

தஞ்சோங் துவான் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு காட்டுக் குன்று. சுற்றிலும் நெகிரி செம்பிலான். ஆனால் அந்தத் துண்டு நிலம் மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம். உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. போர்த்துக்கீசியர் காலத்திலேயே அங்கு விளக்கு எரிந்தது. இப்போதுள்ள கட்டடம் 1863ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பருந்துகளைப் பார்க்க வருவோர் அந்த விளக்கின் அடியில்தான் நிற்பார்கள்.

பருந்துகள் ஏன் அந்த இடத்தைத் தேடி வருகின்றன?

உச்சி வெயிலில் செம்மண் சாலைக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சுட்ட நிலத்திலிருந்து சூடான காற்று மேலே எழுகிறது. அகன்ற இறக்கை உடைய பருந்து அந்தக் காற்றில் ஏறி, இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு உயரும். போதிய உயரம் வந்ததும் அடுத்த சூட்டுக் காற்றை நோக்கிச் சறுக்கிச் செல்லும். இப்படியே நாள் முழுதும் அதிகச் சிரமமின்றிப் பயணம் செய்யும். ஆனால் கடலின் மேல் காற்று நிலத்தைப் போல எழும்புவதில்லை. அங்கே இறக்கையை அடித்து அடித்துத்தான் பறக்க வேண்டும். பெரிய உடம்புக்கு அது கடும் உழைப்பு. நடுவழியில் களைத்தால் இறங்கி உட்கார இடமும் இல்லை. ஆகவே கடல் குறுகலாக உள்ள இடத்தையே அவை நாடுகின்றன. சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவுக்கும் தஞ்சோங் துவானுக்கும் இடையே ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான்.

அக்கரையில் காலையில் வெயில் ஏறிய பிறகு கிளம்பும் பருந்துகள், இக்கரை சேரும்போது உயரம் இழந்து, அலைக்குச் சற்று மேலேகூட வரும். குன்றின் சரிவில் மோதி மேலெழும் காற்றும் காட்டின் மேலுள்ள சூட்டுக் காற்றும் அவற்றைத் தூக்கிவிடும். நம் கண்முன்னே சுற்றிச் சுற்றி ஏறி, வடக்கே நழுவிவிடும். களைத்துப்போனவை அந்தக் காட்டிலேயே இறங்கி இளைப்பாறும். காடு மொத்தமே சுமார் 80 ஹெக்டர். சுற்றிலும் கடற்கரை விடுதிகள் பெருகிவிட்டன. கடலைத் தாண்டி வரும் பறவைக்கு இக்கரையில் கிடைக்கும் முதல் மரநிழல் அந்தச் சிறு காடுதான்.

வருபவற்றில் பெரும்பகுதி தேன் பருந்து. பெயர் தேன் என்றாலும், அதற்கு மிகவும் பிடித்தது குளவிக் கூட்டையும் தேன் கூட்டையும் பிய்த்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்பதுதான். கொடுக்கு ஏறாதபடி அதன் முகத்தில் செதில்போன்ற சிறு இறகுகள் நெருக்கமாக மூடியிருக்கும். செம்பனைக் குலை வெட்டப் போய்க் குளவியிடம் கொட்டு வாங்கியவர்களுக்கு அந்த முகத்தின் அருமை தெரியும்!

இதைச் சொல்லும்போது ஒரு பழைய நினைவு எனக்கு உறுத்துகிறது. நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் லயத்துக்குப் பின்னால் மொட்டைப் பால்மரத்தில் ஒரு பெரிய பறவை உட்கார்ந்திருந்தது. “கோழிக்குஞ்சைத் தூக்க வந்திருக்கு” என்று ஒருவர் சொல்ல, நாங்கள் உண்டிவில்லை எடுத்துவிட்டோம். கல் பட்ட பிறகும் அது உடனே பறக்கவில்லை. பறக்கத் தெம்பில்லை என்று இன்று எனக்குப் புரிகிறது. பாட்டி மட்டும் “கருடனை அடிக்காதீங்கடா” என்று கத்தினார். அது கருடனும் இல்லை. கருடன், அதாவது செம்பருந்து, வெள்ளைத் தலையும் செங்காவி உடலுமாக ஆண்டு முழுதும் நம் கரையிலேயே இருப்பது. எங்கள் மரத்தில் இருந்ததோ தவிட்டு நிறம், சிறிய தலை, நீண்ட கழுத்து. தேன் பருந்தாகத்தான் இருக்க வேண்டும். கோழிக்குஞ்சு அதன் வழக்கமான உணவே அல்ல.

அது எவ்வளவு தூரம் வந்திருக்கும்? ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் தொடங்கி, தேன் பருந்துகளின் முதுகில் சிறு கருவி பொருத்திச் செயற்கைக்கோள் மூலம் பின்தொடர்ந்தார்கள். ஜப்பானிலிருந்து கிழக்குச் சீனக் கடலைத் தாண்டி, சீனா, இந்தோசீனா, மலாயாத் தீபகற்பம், சுமத்ரா என்று ஜாவா வரைக்கும் அவை போயின. ஒரு வழிக்கே ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். அப்படியானால் இங்கேயே தங்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். வடக்கே கோடையில் பகல் நீண்டது. குளவிக் கூடுகளும் பெருகும். குஞ்சு வளர்க்க அதுவே ஏற்ற இடம்.

மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, மார்ச் மாதத்தில் அங்கே பருந்து காணும் விழாவை நடத்தி வந்திருக்கிறது. விழா இல்லாத நாளிலும் நீங்கள் குடும்பத்தோடு போகலாம். விடியற்காலையில் ஓட வேண்டாம். பெரட்டுக்குப் போவதுபோல் அவை அதிகாலையில் வருவதில்லை. பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை நல்ல நேரம். மழை நாளில் பயனில்லை. ஏற்றம் செங்குத்தானது, பெரியவர்கள் மெல்ல ஏறட்டும். குடிநீரும் தொப்பியும் கட்டாயம். தொலைநோக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. ஆனால் பிள்ளைகள் அதைச் சூரியன் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண் கெட்டுவிடும். கடலை நோக்கி நின்று, தொடுவானத்துக்குச் சற்று மேலே பாருங்கள். முதலில் கொசு போல ஒரு புள்ளி தெரியும். அதன் பின்னால் இன்னும் இரண்டு, மூன்று தெரியும். இறக்கையை அடித்துக்கொண்டே வருகிறதென்றால் அது அக்கரையிலிருந்து வருவதுதான்.