சாசலிட்டோ படகுத்துறை: பாலம் மூடியது, பாலமே திறந்தது

இன்னைக்கு கோடிங் எதுவும் கிடையாது. ஒரு படகுத்துறையோட கதை. ஆனா நம்ம வேலையில அடிக்கடி தலைவலி கொடுக்குற ஒரு விஷயம் இதுக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கு.

ஒரு ப்ராஜெக்ட்டுக்காக மூணு மாசம் சான் ஃப்ரான்சிஸ்கோவில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, அங்கே வர்ற டூரிஸ்ட்டுங்க செய்யறதையே நானும் செய்தேன்: வாடகை சைக்கிளில் கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து, சரிவில் இறங்கி, விரிகுடா ஓரத்தில் இருக்கும் சாசலிட்டோ ஊருக்குப் போய், திரும்பி வர ஃபெர்ரி. க்யூவில் நிற்கும்போதுதான் கவனித்தேன். படகு, பஸ், பாலம் மூணையும் நடத்துறது ஒரே நிர்வாகம். பாலம் எதுக்குங்க படகு ஓட்டணும்?

முதல்ல மேப்பை மனசுல வைச்சுக்கோங்க. சான் ஃப்ரான்சிஸ்கோ ஒரு தீபகற்பத்தின் நுனி. வடக்கே மரின் கவுண்டி. நடுவில் விரிகுடாவின் வாய். பாலம் வருவதற்கு முன்னால், நிலம் வழியாகப் போகணும்னா விரிகுடாவையே சுத்தணும். அதனால்தான் 1875-ல் வடக்கே இருந்து வந்த நேரோ கேஜ் ரயில் சாசலிட்டோ கரையில் முடிந்தது. தண்டவாளம் முடியற இடத்துல படகு. 1903-ல் புறநகர் ரயில்கள் மின்சாரத்துக்கு மாறின. வேலைக்குப் போறவங்க காலையில் ரயில், அப்புறம் படகு, எதிர்க்கரையில் 1898-ல் திறந்த ஃபெர்ரி பில்டிங், அங்கிருந்து ட்ராம்.

மூடுபனி வேற. 1901 நவம்பர் 30-ம் தேதி சான் ரஃபேல், சாசலிட்டோ என்ற இரண்டு ஃபெர்ரிகள் பனியில் மோதி, சான் ரஃபேல் மூழ்கியது. ஜாக் லண்டனின் ‘தி சீ உல்ஃப்’ நாவல் அப்படி ஒரு மோதலில்தான் தொடங்கும்.

1937 மே மாதம் பாலம் திறந்தது. கார் வைத்திருந்தவர்கள் படகை மறந்தார்கள். கார் ஏற்றும் ஃபெர்ரிகள் அடுத்த வருஷமே நின்றன. பயணிகள் படகு 1941 பிப்ரவரி 28 வரை இழுத்துப் பிடித்தது. அதோடு சேர்ந்து மின்சார ரயிலும் போச்சு.

அப்புறம் என்ன ஆச்சுன்னு நமக்கே தெரியும். கார் பெருகியது. பாலத்தில் ஆறு லேன்தான், அகலப்படுத்த வழியில்லை. கீழே இரண்டாவது தளம் கட்டலாமா என்று ஆராய்ந்து, கைவிட்டார்கள். 1969-ல் கலிஃபோர்னியா சட்டமன்றம் பாலத்தின் நிர்வாகத்துக்கே பொதுப் போக்குவரத்துப் பொறுப்பையும் கொடுத்தது. 1970 ஆகஸ்ட்டில் சாசலிட்டோவில் மறுபடி படகு. 29 வருஷம் கழிச்சு!

பணம்? இதுதான் எனக்குப் பிடித்த இடம். பாலம் கட்ட வாங்கிய கடன் 1971-ல் வட்டியோடு தீர்ந்தது, முழுக்க டோல் பணத்தில். கடன் முடிஞ்சா டோலும் முடியணுமே என்று கேட்கலாம். முடியவில்லை. டிக்கெட் காசு மட்டும் போதாத படகுக்கும் பஸ்ஸுக்கும் டோலின் உபரி போகிறது. ‘நான் படகே ஏறுறதில்ல, நான் ஏன் கட்டணும்?’னு கார்க்காரர் கேட்பது புரிகிறது. ஆனா ஒவ்வொரு படகும் நிரம்பிக் கிளம்பும்போது அவ்வளவு பேரும் அவர் லேனில் இல்லை. அந்தக் காலியான இடத்துக்குத்தான் அவர் காசு கொடுக்கிறார். எனக்கு இது நியாயமாத்தான் படுது.

சிக்கல் வேற இடத்துல. படகோட வேலை பாலத்திலிருந்து கார்களைக் குறைப்பது. படகோட சோறு பாலத்தில் போகும் கார்கள். நம்ம பாஷையில சுத்தமான சர்குலர் டிபென்டென்சி. சாதாரண நாளில் ஓடும். யாரும் கண்டுக்க மாட்டாங்க. 2020 மார்ச்சில் ஆபீஸ்கள் மூடின. படகில் ஆளில்லை, அதே வாரங்களில் பாலத்தில் காரும் இல்லை. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கணும். இங்கே ரெண்டும் சேர்ந்தே விழுந்தது. சாசலிட்டோ படகை நிறுத்தினார்கள். நிர்வாகம் தாக்குப்பிடித்தது மத்திய அரசின் நிவாரணப் பணத்தில்.