வீட்டுத் தொட்டியில் கடல் பூ!

கலர் கலரா விரியும், ஆனா பூ இல்லை. அதுதான் 'ஸோவாந்திட்'. பவளத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் பாஸ்!

திண்டுக்கல்லில் இதை வளர்த்தால் முதல் வில்லன், வெயில். 2016-ல் கடல் சூடாகி, மன்னார் வளைகுடா பவளங்களே வெளுத்துப்போச்சு. நம்ம கண்ணாடித் தொட்டி எம்மாத்திரம்? தண்ணீர் 25-27 டிகிரியில் இருக்கணும். ஃபேன் போதாத கோடைக்கு சில்லர்தான். வெயிலில் ஆவியாகுறது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிடும். அதனால, குறைஞ்ச அளவுக்கு உப்பு கலக்காத ஆர்.ஓ. தண்ணீரை ஊத்துங்க.

ரெண்டாவது வில்லன், அதுக்குள்ளேயே! சில வகைகளில் 'பாலிடாக்ஸின்'னு கொடிய விஷம் இருக்கு. சுத்தம் பண்றேன்னு அது ஒட்டியிருக்கிற கல்லைக் கொதிக்க வெச்சு, அந்த ஆவியைச் சுவாசிச்சு ஆஸ்பத்திரியில படுத்தவங்க வெளிநாடுகளில் உண்டு. தொட்டிக்குள்ள கை விடும்போது கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

ரசிங்க... வெறுங்கையால மட்டும் தொடாதீங்க!