பருமன் மருந்தும் பாட்டாளி மகனும்

மரக்காணம் உப்பளக் கரையில் நின்றுகொண்டு உடல் பருமனைப் பற்றிப் பேசுவதா? "வெயிலில் உப்பு வாருகிறவனுக்கு ஏது தொந்தி?" என்று சிரிப்பார் உண்டு. பருமன் பணக்காரன் வீட்டு நோய் என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். கணக்கு வேறு சொல்கிறது. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100க்கு 40 பேர், ஆண்களில் 37 பேர் மிகை எடை உடையவர்கள். இத்தனை பேரும் மாளிகைவாசிகளா?

இதற்கு வாரம் ஒருமுறை போடும் ஊசி வந்திருக்கிறது. செமாகுளூடைடு என்று பெயர். 12 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு அது பலிக்குமா என்று 8 நாடுகளில் 201 பேரிடம் 68 வாரம் சோதித்தார்கள். 2022இல் முடிவு வெளியாயிற்று. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு, ஊசி போட்டவர்களுக்குச் சராசரி 100க்கு 16 பங்கு இறங்கியது. நல்ல சேதிதான். ஆனால் அந்த 8 நாடுகளில் இந்தியா இல்லை!

"உடம்பு எங்கும் உடம்புதானே?" என்பார்கள். நாம் சொல்கிறோம்: இந்த ஊசி பலருக்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு தரும். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கும். நிழலில் இருக்கும் மாணவனுக்கு அது சில நாள் தொல்லை. சித்திரை வெயிலில் உப்பளத்தில் நிற்கும் 18 வயது இளைஞனுக்கு? தமிழக உப்பளங்கள் ஏழில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளரை ஆராய்ந்தார்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் வரம்பு மீறிய வெப்பத்தில் உழைப்பது தெரிந்தது. அந்த உடம்பில் இந்த மருந்து என்ன செய்யும்? இங்கே சோதித்தால்தான் விடை கிடைக்கும்.

ஆகவே ஆராய்ச்சி பல ஊர்களில், ஒரே விதியில் நடக்கட்டும். சென்னைக்கு ஒரு தராசு, மரக்காணத்துக்கு ஒரு தராசு கூடாது. இரத்தச் சோதனை, மருந்தைக் குளிரில் காப்பது, பக்க விளைவைப் பதிவது எல்லாம் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சோதனைக்கு வரும் நாளில் இழக்கும் கூலியை ஈடு செய்ய வேண்டும்.

ஏழையிடம் ஆராய்ச்சி நடத்துவது இழிவல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மருந்து கொடுத்து ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை சளைத்ததல்ல என்று 1959இல் மெய்ப்பித்தது. உலகமே வழியை மாற்றிக்கொண்டது!

ஏழையைக் கேளாமல் நடத்துவதுதான் இழிவு. 2009இல் அன்றைய ஆந்திரத்துக் கம்மத்தில் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட, பெற்றோர் சம்மதத்துக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றக் குழு 2013இல் கண்டித்தது. மருந்துச் சோதனையில் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் நட்டஈடும் தரவேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டு விதிகள்.

தோழர்களே! சோதனைப் படிவம் நம் கரைக்கு வரும் நாளில், அதை ஒவ்வொரு தாய் தந்தைக்கும் தமிழில் படித்துக் காட்டுங்கள். பிள்ளையின் விருப்பத்தையும் கேளுங்கள். பிறகு ஒன்று கேளுங்கள்: சோதனைக்கு எங்கள் பிள்ளை என்றால், பலித்த மருந்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருமா? அதற்குப் பதில் வந்த பின்னரே கையெழுத்து!