வளையம் சொல்லும் செய்தி

நோய்க்கிருமியை மருந்து அழிக்கும் என்பதை நாம் அறிவோம். மருந்தையே அழிக்கும் கிருமிகளும் உள்ளன. மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ஏற்கெனவே நலிவுற்றிருக்கும் நோயாளரை அவை எளிதில் பற்றிக்கொள்கின்றன. அவற்றை ஆய்வகம் எவ்வாறு இனங்காண்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மருந்தை முறிக்கும் நொதி

பெனிசிலின், செபலோஸ்போரின், கார்பபீனெம் ஆகிய உயிர் எதிர்ப்பொருள்களின் மூலக்கூறுகளில் பீட்டா லாக்டம் என்னும் வளைய அமைப்பு உண்டு. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதை அது தடுக்கிறது. சுவர் வலுவிழந்த பாக்டீரியா வெடித்து மடிகிறது. சில பாக்டீரியாக்களோ பீட்டா லாக்டமேஸ் என்னும் நொதியை உருவாக்கி அவ்வளையத்தை உடைத்துவிடுகின்றன. வளையம் உடைந்த மருந்து, பல் முறிந்த சாவியைப் போலப் பயனற்றதாகிறது.

இந்நொதி புதியதன்று. பெனிசிலினைச் சிதைக்கும் நொதி ஒன்றை ஆபிரகாம், செயின் ஆகிய அறிஞர்கள் 1940ஆம் ஆண்டிலேயே அறிவித்தனர். ஆக்ஸ்போர்டில் நோயாளர் ஒருவருக்குப் பெனிசிலின் ஊசிவழிச் செலுத்தப்பட்டது 1941இல்தான். மருந்து பரவலாகப் பயன்பாட்டுக்கு வருமுன்னரே அதன் பகை வெளிப்பட்டுவிட்டது.

முதற்சோதனை

நோயாளரின் குருதியிலிருந்தோ சிறுநீரிலிருந்தோ பிரித்தெடுத்த பாக்டீரியாவை அகார் தட்டின் மீது சீராகப் பரப்புவர். மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து ஓரிரவு வெதுவெதுப்பில் வைப்பர். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் தோன்றும். வளையம் சிறுத்தாலோ தோன்றாமற்போனாலோ மருந்து பயன்தராது என்பது பொருள். ஆயினும், அதற்குக் காரணம் நொதிதானா என்பதை இச்சோதனை உறுதியாகச் சொல்வதில்லை. மருந்தை உள்ளே நுழையவிடாத செல்சவ்வும் காரணமாகலாம்.

நொதியை இனங்காணல்

செபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைக்கும் விரிநிலை நொதிகளைக் கிளாவுலானிக் அமிலம் முடக்கும். எனவே, செஃப்டாசிடிம் வில்லை ஒன்றையும், கிளாவுலானிக் அமிலம் சேர்த்த செஃப்டாசிடிம் வில்லை ஒன்றையும் ஒரே தட்டில் வைப்பர். அமிலம் சேர்ந்த வில்லையின் வளையம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாயின் விரிநிலை நொதி உண்டு என்று உறுதி செய்வர்.

கார்பபீனெம் மருந்தைச் சிதைக்கும் நொதிக்கு வேறொரு முறை உண்டு. ஐயத்துக்குரிய பாக்டீரியா கலந்த திரவத்தில் மெரோபீனெம் வில்லையை 4 மணி நேரம் ஊறவைப்பர். பின்னர், அம்மருந்துக்கு எளிதில் மடியும் ஈ.கோலை பாக்டீரியா பரப்பிய தட்டில் அவ்வில்லையை வைப்பர். மறுநாள் அகன்ற வளையம் தோன்றினால் மருந்து சிதையவில்லை என்று அறியலாம். வளையம் இல்லையெனில், ஊறிய வேளையிலேயே நொதி மருந்தைத் தின்றுவிட்டது என்பது தெளிவு.

வகையறிதலின் தேவை

நொதி உண்டு என்று அறிவது மட்டும் போதாது; அதன் வகையும் தெரிதல் வேண்டும். என்.டி.எம். என்னும் நொதி துத்தநாக அயனியின் துணையால் இயங்குவது. 2010இல் வெளியான ஆய்வொன்று சென்னை, ஹரியானா ஆகிய இடங்களின் மாதிரிகளிலும் இது இருப்பதைக் காட்டியது. துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளைத் திரவத்தில் சேர்த்தால் இந்நொதி முடங்கும்; மறைந்திருந்த வளையம் மீண்டும் தோன்றும். கே.பி.சி. என்னும் நொதி அவ்வாறு முடங்குவதில்லை.

இவ்வேறுபாடு நோயாளரின் உயிரோடு தொடர்புடையது. அவிபாக்டம் என்னும் துணைமருந்து கே.பி.சி. நொதியை முடக்கும்; என்.டி.எம். நொதியை முடக்காது. வகை தெரியாமல் மருந்தைத் தேர்ந்தால், பயன்தராத மருந்திலேயே அரிய நாள்கள் கழிந்துவிடும்.

இந்நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிடு என்னும் டி.என்.ஏ. வளையத்தில் அமைந்திருப்பதால், ஓர் இனப் பாக்டீரியாவிலிருந்து மற்றோர் இனத்துக்கும் தாவும். ஆதலால், சோதனை முடிவு கிடைத்ததும் நோயாளரைத் தனி அறைக்கு மாற்றுதல், பணியாளர் கைகளைத் தூய்மை செய்தல் ஆகியவற்றை மருத்துவமனை முனைந்து கடைப்பிடிக்கிறது. ஒருவரின் மாதிரியில் கண்ட உண்மை, அடுத்த படுக்கையில் இருப்பவரையும் காக்கிறது.

தேவையற்று உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தும் எளிதில் மடியும் கிருமிகளை அழித்து, எதிர்த்து நிற்பவற்றுக்கு இடமளிக்கிறது. மருத்துவர் பரிந்துரையின்றி உயிர் எதிர்ப்பொருளை உட்கொள்ளாதிருப்பது, ஆய்வகத் தட்டில் அவ்வளையம் மறையாதிருக்க நாம் ஆற்றக்கூடிய பணியாகும்.