வரைகலைப் பயிற்சியில் தமிழெழுத்து

சில வாரங்களில் முடிந்துவிடும் வரைகலை, காணொளிப் படிப்புகள் கல்லூரிகளில் இன்று பெருகியுள்ளன. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் திறன் பயிற்சிகளைக் கல்லூரி வாயில்வரை கொணர்ந்தது. வரவேற்கத்தக்கதே. ஆயின், இப்படிப்புகளில் தமிழெழுத்துக்கு இடமுண்டா?

துறைக் கருத்தரங்கின் அழைப்பிதழை நம் மாணவர் ஒருவர் கணிப்பொறியில் வடிவமைத்தார். வண்ணமும் அமைப்பும் கண்ணைக் கவர்ந்தன. 'கொடை' என்னும் சொல்லில் மட்டும், ககரத்துக்கு முன் நிற்கவேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. அச்சேறிய பிறகே கண்டோம்!

அது மாணவர் குற்றமன்று. ஒருங்குறியில் 'கொ' என்பது ககரம், ஒகரக்குறி என அடுத்தடுத்த இரு குறியீடுகளாகவே சேமிக்கப்பெறுகிறது. கொம்பை முன்னும் காலைப் பின்னுமாகப் பிரித்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் அதற்கெனத் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்புத் தெரிவு இருந்தது. அதனைத் தேர்ந்தெடுக்காதபோது எழுத்து நிலைகுலைதல் கூடும். ஆங்கில எழுத்தைக் கொண்டே பாடம் நடைபெறுவதால் இச்சிறு செய்தி மாணவரை எட்டுவதில்லை. இடர் கண்ட சிலர் ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களை நாடுகின்றனர். அச்சில் அவை ஒழுங்காகவே வரும். அவ்வரிகளையே வேறிடத்தில் ஒட்டினாலோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் மாறிவிடும், தேடினாலும் அகப்படா.

முப்பது மணி நேரப் படிப்பாயின் ஆறு மணி நேரத்தைத் தமிழ்த்துறைக்குத் தரலாகாதா? ணகர னகரச் சுழிகளையும், மேலெழும் 'கி'க்கும் கீழிறங்கும் 'கு'வுக்கும் வேண்டிய வரியிடைவெளியையும் நாங்கள் சொல்லித்தருவோம். மென்பொருளை மாணவரிடமே கற்றுக்கொள்வதில் எங்களுக்கு நாணமில்லை.